தறிச் சத்தத்துக்குள் ஒரு குருவிக்கூடு: அம்மையார்குப்பத்தில் இரண்டு நாள்

திருத்தணிக்குப் போகிறேன் என்று விடுப்பு எழுதிக் கொடுத்ததும் அலுவலகத்தில் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "என்ன வேண்டுதல்?" என்பதுதான். வேண்டுதல் ஒன்றுமில்லை, ஒரு குருவி கத்துவதைக் கேட்கப் போகிறேன் என்றேன். யாரும் நம்பவில்லை.

சென்னையில் காது கேட்கும் திறனைப் பரிசோதிப்பது என் வேலை. போன சித்திரை மாதத்துக்குக் கொஞ்சம் முன்னால் தேவராஜன் என்பவரை அவர் மனைவி கஸ்தூரி அழைத்து வந்தார். திருத்தணிக்குப் பக்கத்து அம்மையார்குப்பத்தில் சொந்தக் கொட்டகையில் நான்கு விசைத்தறி வைத்திருக்கிறார்கள். ஆளுக்கு இரண்டாகப் பார்த்துக்கொள்கிறார்கள். முப்பது வருடத் தறிச் சத்தத்தில் தேவராஜனுக்குக் கீச்சு ஒலிகள் எதுவும் கேட்காமல் போயிருந்தன. காது மெஷின் வைத்துப் பாருங்கள் என்றேன். "தறிகிட்ட நின்னுகினு மெஷின் எதுக்கு மேடம்? சத்தம் இன்னும் பெருசாத்தான் கேக்கும்" என்று எழுந்துவிட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

கிளம்பும்போது கஸ்தூரி சொன்னதுதான் என்னை இழுத்தது. "எங்க கொட்டாய் சொவுத்துல ஒரு குருவி கூடு கட்டிகினு கீது மேடம். கருப்பு வெள்ளையா இருக்கும். தறி ஓடும்போது அது ஒரு மாதிரி கத்துது, தறி நின்னா வேற மாதிரி பாடுது. இவருகிட்ட சொன்னா இன்னாத்த பாடுதுன்றாரு. அவருக்குத்தான் கேக்கலியே."

இரைச்சலில் மனிதர் குரலை உயர்த்துவதை நான் தினமும் பார்க்கிறேன். குருவியும் அப்படிச் செய்யுமா? வருடம் முழுக்கத் தறி ஓடும் ஊரில் அதை எப்படி ஒப்பிட்டுப் பார்ப்பது? கஸ்தூரியே வழி சொன்னார். மாதம் ஒரு நாள் பராமரிப்புக்காகக் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை கரண்ட் இருக்காது. அன்று ஊரிலேயே ஒரு தறி ஓடாது. தேதி தெரிந்ததும் போன் செய்வதாகச் சொன்னார், செய்தார். ஒரு வெள்ளிக்கிழமை. வியாழன் தறி ஓடும் நாள், வெள்ளி தறி நிற்கும் நாள். இரண்டையும் பார்த்துவிடலாம் என்று புதன் மாலையே கிளம்பினேன்.

சென்ட்ரலிலிருந்து மின்சார ரயிலில் ஏறத்தாழ இரண்டேகால் மணி நேரம், டிக்கெட் இருபத்தைந்து ரூபாய். திருத்தணி ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு விடுதியில் எண்ணூற்றைம்பது ரூபாய்க்கு ஃபேன் அறை கிடைத்தது. கிருத்திகையன்று போனால் இந்த விலைக்குக் கிடைக்காது.

வியாழன் காலை ஐந்தேகாலுக்கு மலைப்படி ஏறத் தொடங்கினேன். ஒலிப்பதிவுக் கருவி கழுத்தில், ஒலியளவு காட்டும் சின்னக் கருவி கையில். முன்னூற்று அறுபத்தைந்து படிகளில் பாதி ஏறுவதற்குள் எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. பாறை இடுக்கிலிருந்த ஒரு செடியின் நுனியில் குண்டுகரிச்சான் ஒன்று உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தது. கஸ்தூரி சொன்ன அதே கருப்பு வெள்ளைக் குருவி. நீளமான சீழ்க்கை, நடுவில் தணிந்த குரலில் ஏதோ முணுமுணுப்பு, மறுபடி சீழ்க்கை. அவசரமே இல்லாத பாட்டு. கருவி நாற்பத்து மூன்று டெசிபல் காட்டியது.

ஆறரைக்கு மேல் மலைப்பாதையில் வேன்கள் வர ஆரம்பித்தன. வளைவுக்கு வளைவு ஹாரன். ஹாரன் அடித்ததும் ஒரு கொண்டைக்குருவி பாதியில் நிறுத்தியது, ஓய்ந்ததும் முதலிலிருந்து தொடங்கியது. குரங்குகள் ஹாரனுக்குத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் பைக்குள் பிஸ்கட் காகிதம் சரசரத்ததும் நான்கு தலைகள் திரும்பின.

சாமி பார்த்துவிட்டுக் கீழே இறங்கி, இட்லி சாப்பிட்டு (நாற்பது ரூபாய்), எட்டுப் பத்துக்கு ஆர்.கே.பேட்டை பக்கம் போகும் டவுன் பஸ்ஸைப் பிடித்தேன். பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ஏறத்தாழ ஒரு மணி நேரம். இறங்கிய இடத்திலிருந்து கொட்டகை வரை ஆட்டோவுக்கு ஐம்பது ரூபாய். தெருவுக்குள் திரும்பும்போதே இரண்டு பக்கமும் டடக் டடக் என்று தறிச் சத்தம் தொடங்கிவிட்டது. டிரைவர் திரும்பிப் பார்த்துக் கத்தினார்: "நாங்க பேசறத பாத்து சண்ட போடறோம்னு நெனச்சிக்காதீங்கம்மா! இங்க எல்லாருக்கும் தொண்ட இப்டித்தான்!"

கஸ்தூரி வாசலுக்கு வந்து கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீளக் கொட்டகை. நான்கு தறியிலும் லுங்கி ஓடிக்கொண்டிருந்தது. தறிக்குப் பக்கத்தில் கருவி தொண்ணூற்றாறைக் காட்டியது. அரை மணி நேரம் அங்கே நின்றால் வெளியே வந்த பிறகும் காதுக்குள் ஒரு ரீங்காரம் இருக்கும். நான் கொண்டு போயிருந்த பஞ்சு அடைப்பான்களைக் கொடுத்தேன். கஸ்தூரி உடனே வைத்துக்கொண்டார். தேவராஜன் சிரித்துக்கொண்டே சட்டைப்பையில் போட்டார்.

கூடு கொட்டகையின் பின்பக்கச் சுவரில், வெளிப்புறமாக இருந்தது. சுவர் எழுப்பும்போது சாரக்கம்பு நட்ட ஓட்டையைப் பூசாமல் விட்டிருந்தார்கள். ஒரு முழ ஆழம். அதற்குள் நான்கு குஞ்சுகள். இறக்கை முளைத்துவிட்டது, பறக்க இன்னும் சில நாட்கள் இருக்கும். சுவருக்கு அந்தப்பக்கம் இரண்டு தறிகள். எதிரே ஒரு வேப்பமரம். நான் அதன் நிழலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

ஆண் குருவி வேப்பமரத்துக்கு வரவேயில்லை. அறுபது தப்படி தள்ளி, பக்கத்து வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டியின் மேல் உட்கார்ந்து கத்தியது. மலையில் கேட்ட பாட்டின் நடுவிலிருந்த முணுமுணுப்பு இங்கே காணோம். கீச்சான குரலில் இரண்டு மூன்று சீழ்க்கை, அவ்வளவுதான். சந்தையில் தூரத்தில் போகிறவரைக் கூப்பிடுவதுபோல.

டீ கொண்டுவந்த கஸ்தூரி காதருகே வந்து சொன்னார்: "தறி ஓடும்போது இங்க பாடறதில்ல மேடம். காத்தால நாலரைக்கே பாடி முடிச்சிடும். நாங்க தறி போடறது ஆறு மணிக்கு."

"முன்னாடியும் நாலரைக்குத்தான் பாடுமா?"

"மொதல்ல ரெண்டு தறிதான் இருந்துது. அப்போ ஏழு மணிக்கெல்லாம் கேட்டிருக்கேன்."

இதைக் குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடிட்டேன். மனதுக்குள் பெரிய ஆராய்ச்சியாளர் ஆகிவிட்ட நினைப்பு. அந்த நினைப்புக்குச் சரியாக மூன்று மணிக்குச் சூடு விழுந்தது.

மூன்று மணிக்குப் பெண் குருவி வேலி மேல் வந்து உட்கார்ந்தது. அதன் அலகு திறந்து திறந்து மூடியது. வால் மேலும் கீழும் அடித்துக்கொண்டது. எனக்கு எதுவும் கேட்கவில்லை, தறிச் சத்தம் மட்டும்தான். 'பெண்ணும் பாடுகிறது' என்று எழுதினேன். எழுதி நிமிர்வதற்குள் மதில் மேல் செம்போத்து ஒன்று நடந்து வந்து ஓட்டைக்கு முன்னால் நின்றது. அதன் நிழல் விழுந்ததும் குஞ்சுகள் தாய்தான் வந்துவிட்டது என்று நினைத்து, வாயைப் பிளந்துகொண்டு ஓட்டையின் விளிம்புக்கே வந்தன. செம்போத்து அலட்டிக்கொள்ளாமல் ஒன்றைக் கவ்விக்கொண்டது.

சன்னல் வழியாகப் பார்த்துவிட்ட கஸ்தூரி கையில் நூல் சுற்றும் தார்க்கட்டையோடு ஓடி வந்தார். அதற்குள் செம்போத்து வேலியைத் தாண்டிப் போயிருந்தது. நான் ஸ்டூலை விட்டு எழுந்ததே அப்போதுதான். பெண் குருவி இன்னும் அலகைத் திறந்துகொண்டிருந்தது. அது பாடவில்லை, குஞ்சுகளை உள்ளே போகச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தது. காதைப் பற்றிப் படித்து, அதிலேயே சம்பாதிக்கும் நான் எட்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்துகொண்டு அதைப் பாட்டு என்று எழுதியிருக்கிறேன்.

கஸ்தூரிக்குக் கண் கலங்கிவிட்டது. தேவராஜன் வெளியே வந்து சைகையிலேயே என்ன என்று கேட்டார். மிச்சம் மூன்றுதான் என்று கஸ்தூரி விரலால் காட்டினார். அவர் ஓட்டையைப் பார்த்தார், வேலியைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார். கடைசி பஸ்ஸைப் பற்றிப் பயந்து நான் ஐந்தரைக்கே கிளம்பிவிட்டேன். தேவராஜன் சாலை வரை கூடவே வந்தார். அப்போதுதான் பேசினார்.

"சொவுத்துக்கு இந்தாண்டதான் நின்னுகினு இருந்தேன் மேடம். அது கத்தினது எனக்கும் கேக்கல, அதுங்களுக்கும் கேக்கல."

"எனக்கும்தாங்க" என்றேன்.

"நாளைக்கு அந்த மெஷின எடுத்துகினு வாங்க. கரண்ட் இல்லாத நாளாச்சே. வச்சித்தான் பாப்போம்."

சோதனைக்கான ஒரு ஜோடி ஏற்கெனவே என் பையில்தான் இருந்தது. கஸ்தூரி போனிலேயே கேட்டிருந்தார். அதைத் தேவராஜனிடம் சொல்லவில்லை.

வெள்ளி காலை எட்டே முக்காலுக்கெல்லாம் கொட்டகையில் இருந்தேன். ஒன்பது ஐந்துக்குக் கரண்ட் போனது. நான்கு தறியும் ஒரே நேரத்தில் நின்றன, தெருவே நின்றது. வேப்பமரத்தடியில் வைத்திருந்த கருவியின் எண் எழுபதிலிருந்து நாற்பத்தொன்றுக்கு இறங்கியது. வேடிக்கை என்னவென்றால், அடுத்த கால் மணி நேரம் தெருவில் எல்லோரும் பழைய குரலிலேயே பேசிக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் வீட்டில் ஒருவர் சாம்பாரில் உப்பு அதிகம் என்று சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. பிறகு ஒவ்வொரு குரலாகத் தணிந்தது.

தேவராஜனை வேப்பமரத்தடியில் உட்காரவைத்து மெஷினைப் பொருத்தினேன். முதல் ஐந்து நிமிடம் புகார்தான். "இன்னா இது, சரசரன்னுது?" அவர் கையிலிருந்த செய்தித்தாள்தான். "இது இன்னா?" அவருடைய செருப்பு. "கஸ்தூரி, கொழாய மூடல பாரு!" என்று உள்ளே குரல் கொடுத்தார். அங்கே போய்ப் பார்த்தால் உண்மையிலேயே குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. கஸ்தூரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

ஒன்பதே முக்காலுக்கு ஆண் குருவி தண்ணீர்த் தொட்டியை விட்டு வேப்பமரத்துக்கே வந்தது, எங்கள் தலைக்கு மேல். நீளமாகப் பாடியது. மலையில் கேட்ட அந்தத் தணிந்த முணுமுணுப்பும் இருந்தது. ஆக, இதற்கும் அது தெரிந்திருக்கிறது. தறி ஓடும்போது கேட்காது என்பதால் விட்டுவிட்டிருக்கிறது. தேவராஜன் தலையைத் தூக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. அவரையும் அது பற்றிக் கேட்கவில்லை.

பதினொன்றே முக்கால். நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். தேவராஜன் சட்டென்று வேலிப் பக்கம் திரும்பினார். "அது இன்னா? சர்ர்னு ஒரு சத்தம்?"

வேலி மேல் பெண் குருவி, நேற்று போலவே அலகைத் திறந்து வாலை அடித்தபடி. இன்று சத்தம் வந்தது. துணியைக் கிழிப்பதுபோல ஒரு கரகரப்பு. மதில் முனையில் செம்போத்து இறங்கி நடக்க ஆரம்பித்திருந்தது. கஸ்தூரி எழுந்து ஓடப் பார்த்தார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை எனக்கு உறுத்தல் உண்டு. தாய் சொல்வது குஞ்சுகளுக்குக் கேட்கிறதா என்று பார்க்கவேண்டும் என்ற ஆசைதான். இன்னொரு குஞ்சு போயிருந்தால் அந்த வீட்டுக்கு நான் மறுபடி போயிருக்க முடியாது.

ஓட்டைக்குள்ளிருந்து அதுவரை வந்துகொண்டிருந்த கிச்கிச் சத்தம் அப்படியே நின்றது. செம்போத்து ஓட்டைக்கு முன்னால் வந்து நின்றது. நிழல் விழுந்தது. ஒரு குஞ்சும் வெளியே வரவில்லை. தலையை உள்ளே விட்டுப் பார்த்தது. ஒரு முழ ஆழத்தின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருந்தவை அதற்கு எட்டவில்லை. இரண்டு குருவிகளும் அதன் முதுகைக் கொத்தப் பாய்ந்தன. அதற்குமேல் தேவராஜனுக்குப் பொறுக்கவில்லை. தோளிலிருந்த துண்டைச் சுழற்றிக்கொண்டு ஓடினார். செம்போத்து போய்விட்டது.

கஸ்தூரி என் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டார். "நீங்க புடிச்சிகினு இருந்தீங்களே மேடம், அது உள்ள பூந்திருந்தா?" என்றார். மன்னிப்புக் கேட்டேன். "சரி வுடுங்க" என்றார், ஆனால் சாப்பாடு முடியும்வரை என்னிடம் பேசவில்லை.

இப்போது கேள்வி, ஐந்து மணிக்குக் கரண்ட் வந்த பிறகு என்ன செய்வது? சுவரோரத் தறி இரண்டையும் குஞ்சு பறக்கும்வரை நிறுத்தலாம் என்றார் கஸ்தூரி. தறியில் பாவு நூல் ஏற்றியாகிவிட்டது, அடுத்த வாரம் சரக்குக் கொடுத்தாக வேண்டும், முடியாது என்றார் தேவராஜன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் வாக்குவாதம் செய்தார்கள். கடைசியில் தேவராஜன் எழுந்து போய், ஓட்டையின் அகலத்தை விரலால் அளந்தார்.

"குருவி பூரணும். செம்போத்து தல பூரக்கூடாது. அவ்ளோதானே?"

ஒரு பழைய கம்பி வலையைக் கொண்டுவந்து, நடுவில் குருவி நுழையும் அளவுக்கு மட்டும் வெட்டினார், கம்பி முனைகளை மடக்கிவிட்டார். தாய் திரும்பி வராமல் போய்விடுமோ என்று எனக்குப் பயம். அதையும் சொன்னேன். "வரலேன்னா உடனே கழட்டிடறேன்" என்றார். நாலேகாலுக்கு, குருவிகள் இரை தேடப் போன நேரம் பார்த்து, வலையைப் பொருத்தப் போனார். சுவரில் ஆணி வைத்துச் சுத்தியால் ஒரு அடி அடித்தார். அடித்தவரே திடுக்கிட்டுப் பின்வாங்கினார்.

"இன்னாங்க இது, இவ்ளோ சத்தம்!"

சுத்தியைக் கீழே வைத்துவிட்டார். சன்னல் கம்பியிலும் மேலே கூரைச் சட்டத்திலும் பாவு நூலை முறுக்கிக் கட்டி, சத்தமில்லாமல் வலையை இழுத்து நிறுத்தினார். பத்து நிமிட வேலை. பிறகு மூன்று பேரும் கொட்டகைக்குள் போய் சன்னலோரம் நின்றுகொண்டோம்.

பெண் குருவி வெட்டுக்கிளியோடு வந்தது. வலையைப் பார்த்துவிட்டு வேலிக்குத் திரும்பியது. மறுபடி வந்தது, திரும்பியது. நாலரை. நாலே முக்கால். வெட்டுக்கிளி அலகிலேயே இருந்தது. உள்ளே குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன. அது வெளியே கேட்டது என்பது முக்கியம். ஐந்தடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது அது வலையில் தொற்றி உட்கார்ந்தது. ஓட்டை வழியாகத் தலையை விட்டது, பிறகு முழுதாக உள்ளே போனது. கஸ்தூரி என் தோளில் ஓங்கி ஒரு அடி கொடுத்தார். மன்னித்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

ஐந்து பத்துக்குக் கரண்ட் வந்தது. தேவராஜன் மெஷினைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்த பஞ்சை எடுத்துக் காதில் அடைத்துக்கொண்டு தறியைப் போட்டார்.

ஒரு கூடு, இரண்டு நாள். இதை வைத்து ஊர் உலகத்துக் குருவிகளைப் பற்றி நான் எதுவும் சொல்லமுடியாது. சத்தம் பறவைகளை விரட்டிவிடும் என்றுதான் முன்பு நினைத்திருந்தேன். இவை ஓடவில்லை. அங்கேயே கூடு கட்டி, குரலை மாற்றிக்கொண்டு, பாட்டு நேரத்தை மாற்றிக்கொண்டு பிழைக்கின்றன. தேவராஜன் வீட்டில் சைகை மொழி வந்ததுபோலத்தான். ஆனால் இருட்டு ஓட்டைக்குள் இருக்கும் குஞ்சுக்குச் சைகை தெரியாது. அதற்குக் காது மட்டும்தான். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் நன்றாக நடப்பதுபோலத்தான் தெரியும். வியாழக்கிழமை எனக்குத் தெரிந்தது அப்படித்தான்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். பங்குனியிலிருந்து ஆனி வரை குண்டுகரிச்சான் பாடும் காலம். மலைப்படியில் ஐந்தரைக்கு முன்னால் இருங்கள், ஆறரைக்குப் பிறகு பதிவு செய்து பயனில்லை. பையில் சரசரக்கும் காகிதம் வேண்டாம், குரங்குகள் விடாது. தறி ஊர்களில் யார் கொட்டகைக்கும் கேட்காமல் போகாதீர்கள். போனால் காதுக்கு அடைப்பான் கட்டாயம், கூடுதலாக நான்கு ஜோடி எடுத்துப்போய்க் கொடுத்துவிட்டும் வரலாம். மின்தடை நாளில் போவதானால் போனை முதல் நாளே சார்ஜ் செய்துகொள்ளுங்கள். கூடு தெரிந்தால் பத்து மீட்டருக்கு இந்தப்பக்கம் நின்றுவிடுங்கள். போனில் அதன் குரலை ஒலிக்கவிட்டு அழைக்காதீர்கள். வலை கட்டும் வேலையெல்லாம் ஆபத்து நேரில் தெரிந்த இடத்தில், அந்த வீட்டுக்காரர்கள் செய்யவேண்டியது. நம் வேலையில்லை. போக வர, தங்க, சாப்பிட, ஆட்டோ எல்லாம் சேர்த்து எனக்கு இரண்டாயிரத்து நானூறு ரூபாய்க்குள் முடிந்தது.

திரும்பி வந்து எட்டாம் நாள் காலை கஸ்தூரியின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தால் தேவராஜன். போனில் பேசவே மாட்டார் என்று கஸ்தூரி சொல்லியிருந்தார். ஆர்.கே.பேட்டையில் அவர் மச்சான் தனக்குப் பொருந்தாமல் வைத்திருந்த பழைய மெஷினை வாங்கி மாட்டிக்கொண்டிருக்கிறாராம். (அதை என்னிடம் கொண்டுவந்து சரிபார்க்கச் சொல்லி உடனே திட்டினேன்.)

"மேடம், மூணும் பறந்துடுச்சி. ஒண்ணு தொட்டியில வுழுந்துது, எடுத்து வுட்டோம். இப்ப வேப்பமரத்துல கீதுங்க. இருங்க, கேளுங்க."

போனை மரத்துப் பக்கம் தூக்கிப் பிடித்திருக்க வேண்டும். டடக் டடக் என்று தறி மட்டும்தான் கேட்டது.

"கேக்குதா?"

கேட்கிறது என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. "இல்லீங்க. தறிதான் கேக்குது."

"அப்டியா? இருங்க."

காலடிச் சத்தம். ஒரு தறி நின்றது. இரண்டாவது நின்றது. மூன்றாவது. "ஏங்க, எதுக்கு நிறுத்திகினு போறீங்க?" என்று கஸ்தூரியின் குரல் தூரத்தில் கத்தியது. நான்காவதும் நின்றது. பக்கத்துக் கொட்டகைகளின் சத்தம் லேசாக இருந்தது. அதற்கு மேலே, மூன்று குஞ்சுகளும் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு பசிக்குக் கத்துவது கேட்டது.